விண்மீன் ஒளிக்கு அளவுகோல் தந்தவர்

மாசி மாதத்து முன்னிரவில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று தெற்கே நோக்கினால், தொடுவானத்துக்கு மேலே ஒரு விண்மீன் அசையாமல் சுடர்வதைக் காணலாம். அதனை நம் முன்னோர் அகத்தியர் என்று அழைத்தனர். அதற்கும் மேலே, உச்சிவானை நோக்கி, அதைவிட ஒளிமிக்க மற்றொரு விண்மீன் விளங்கும். அதன் பெயர் சிரியஸ். எதிரே வில்லிங்டன் தீவின் துறைமுக விளக்குகள் காயல் நீரில் நெளிந்தாலும் அவ்விரண்டையும் மறைக்க அவற்றால் இயலாது. இரண்டில் எது ஒளி மிக்கது என்று கேட்டால் சிறு குழந்தையும் சரியாகச் சொல்லிவிடும். எத்தனை மடங்கு மிக்கது என்று கேட்டால் பெரியவரும் திகைப்பர். கண்ணுக்கு மிகுதி தெரியும், மடங்கு தெரியாது.

அந்த மடங்கைக் கணக்கிட உலகம் முழுவதும் இன்று ஒரே விதியைப் பின்பற்றுகிறது. அவ்விதியை வகுத்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். இங்கிலாந்தில் பிறந்த அவர், தம் வாழ்நாளின் கடைசி முப்பது ஆண்டுகளைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் கழித்து, அந்நகரிலேயே மறைந்தார்.

போக்சன் 1829ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், பதினெட்டு வயதிலேயே இரு வால்விண்மீன்களின் பாதைகளைக் கணக்கிட்டார். வானியலறிஞர் ஜான் ரசல் ஹைண்ட் அவருக்கு வழிகாட்டினார். இலண்டனில் ஒரு தனியார் வானாய்வுக்கூடத்தில் சிறிது காலம் பணியாற்றியபின், 1852இல் ஆக்ஸ்போர்டு ராட்கிளிஃப் வானாய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்தபோது 1856இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறு உலகங்களே சிறுகோள்கள். அதற்கு ஐசிஸ் என்று பெயர் வழங்கப்பட்டது. அவருடைய மகளின் பெயரும் அதுவே. அந்த மகளைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

அதே ஆண்டில்தான் அவர் அந்த அளவுகோலை உருவாக்கினார். அதன் அருமையை உணர, பழைய அளவுகோல் எதுவென்று முதலில் அறிதல் வேண்டும்.

கிரேக்க வானியலார் வெறுங்கண்ணுக்குப் புலப்படும் விண்மீன்களை ஆறு தரங்களாகப் பிரித்திருந்தனர். மிக ஒளியுடையவை முதல் தரம். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் மின்னுபவை ஆறாம் தரம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இவ்வாறு தரம் பிரிக்கப்பட்டுள்ளன. தர எண் கூடக்கூட ஒளி குறையும் என்பதை நினைவிற் கொள்க. பள்ளியில் முதல் இடம் பெற்றவர் முன்னே நிற்பதைப் போன்றதே இதுவும். நம் திருமணங்களில் மணமக்களுக்குக் காட்டும் அருந்ததி நான்காம் தரத்தது. அதன் அருகிலேயே இருக்கும் வசிட்டர் ஏறத்தாழ இரண்டாம் தரத்தது.

இப்பிரிவினை முழுவதும் கண்ணின் மதிப்பீடே. தொலைநோக்கி வந்தபின் ஏழாம், எட்டாம், பத்தாம் தரங்கள் என்று ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை நீட்டிக்கொண்டே சென்றனர். ஒருவர் பத்து என்று எழுதிய விண்மீனை மற்றொருவர் பன்னிரண்டு என்று எழுதினார். ஊருக்கு ஒரு படியும் கடைக்கு ஒரு நாழியும் இருந்தால் நெல் வாணிகம் எவ்வாறு நடக்கும்? வானியலும் அந்நிலையில்தான் இருந்தது.

எனினும் அறிஞர் சிலர் ஓர் ஒழுங்கைக் கண்டனர். கண்ணுக்கு ஒரு தரம் குறைந்ததாகத் தோன்றும்போதெல்லாம், ஒளி ஒரே அளவாகக் குறைவதில்லை. ஒரே மடங்காகக் குறைகிறது. முதல் தர விண்மீனின் ஒளி ஆறாம் தர விண்மீனின் ஒளியைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு என்று ஜான் ஹெர்ஷல் முன்பே குறித்திருந்தார். வட்டிக்கு வட்டி சேரும் கணக்கை இதனோடு ஒப்பிடலாம். ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கூட்டிக்கொண்டு போவது ஒரு வகை வளர்ச்சி. ஆண்டுதோறும் ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டு போவது வேறு வகை வளர்ச்சி. இரண்டாவது வகையையே கணிதத்தில் அடுக்குச் சார்பு என்பர். அதனைத் திருப்பி நோக்கி, எத்தனை முறை பெருக்கினோம் என்று கேட்டால் கிடைக்கும் விடை மடக்கை. விண்மீனின் ஒளி பெருக்கலாக மாறுகிறது. தர எண்ணோ கூட்டலாக மாறுகிறது. ஆகவே தர எண் என்பது ஒளியின் மடக்கையோடு தொடர்புடையது.

அப்படியானால் எந்த எண்ணால் பெருக்குவது? இதுதான் சிக்கல்.

போக்சன் இதனை அளந்து பார்த்தார். தொலைநோக்கியின் முகப்பைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தால், பார்த்துக்கொண்டிருக்கும் விண்மீன் ஒரு கட்டத்தில் கண்ணிலிருந்து மறையும். முகப்பின் விட்டம் பாதியானால் உள்ளே வரும் ஒளி கால்பங்காகும். எந்த விட்டத்தில் எந்தத் தரத்து விண்மீன் மறைகிறது என்று குறித்துக்கொண்டால், தரத்துக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு வெளிப்படும். எளிய முறைதான், ஆயினும் இரவெல்லாம் பொறுமையாக ஒரே கண்ணை நம்பிச் செய்யவேண்டிய வேலை. அவருக்குக் கிடைத்த விடை 2.4. ராட்கிளிஃப் கூடத்தின் தலைவர் ஜான்சன் கண்டது 2.43. ஸ்டாம்ஃபர் என்பவர் கண்டது 2.519, ஸ்டெய்ன்ஹைல் என்பவர் கண்டது 2.83.

எண்கள் நெருக்கமானவை போலத் தோன்றலாம். ஐந்து தரங்களைத் தாண்டிப் பாருங்கள். 2.4ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 80, 2.83ஐ ஐந்து முறை பெருக்கினால் 181க்கும் மேல். தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு இறுதியில் இரு மடங்குக்கு மேல் விரிந்துவிடுகிறது. அடுக்குச் சார்பின் இயல்பே அதுதான்.

இருபத்தேழு வயதான போக்சன் தாம் அளந்த 2.4ஐ உலகம் ஏற்கவேண்டும் என்று வாதிடவில்லை. மற்றவர் எண்ணையும் அப்படியே எடுக்கவில்லை. 2.512 என்னும் எண்ணைத் தேர்ந்தார். அவ்வெண்ணின் மடக்கை 0.4 என்பதே காரணம். கணினியோ கணிப்பானோ இல்லாத அக்காலத்தில் வானியலார் மடக்கை அட்டவணையைப் புரட்டியே ஒவ்வொரு கணக்கையும் செய்தனர். 2.4இன் மடக்கை 0.3802. இரவு பகலாக நூற்றுக்கணக்கான கணக்குகளில் 0.3802ஆல் பெருக்குவதும் வகுப்பதும் எத்தகைய சுமை! 0.4 என்றால் மனத்திலேயே முடித்துவிடலாம். மேலும் 2.512ஐ ஐந்து முறை பெருக்கினால் 100 வந்துவிடும். ஹெர்ஷல் குறித்த எண்ணும் அதுவே. ஒரு தரத்துக்கு 2.512, இரு தரத்துக்கு 6.31, மூன்றுக்கு 15.85, நான்குக்கு 39.8, ஐந்துக்கு 100 என்று வரிசை அமைகிறது.

இதனை அளவீட்டைப் புறக்கணித்த செயல் என்று கருதுதல் தவறு. அளவீடுகள் 2.4க்கும் 2.83க்கும் இடையே சிதறிக் கிடந்தன. அந்த எல்லைக்குள் நின்றே அவர் கணக்குக்கு இசைந்த எண்ணைத் தெரிந்தெடுத்தார். எல்லைக்கு வெளியே சென்றிருந்தால் அது வெறும் வசதி; உள்ளே நின்றதால் அது நல்ல மாதிரி ஆயிற்று.

அவர் இவ்விதியை ஒரு பெரிய நூலாக அறிவிக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 36 சிறுகோள்கள் 1857ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாதத்து முதல் நாளிலும் எவ்வளவு ஒளியுடன் தோன்றும் என்று கணக்கிட்டு, அரச வானியல் கழகத்தின் இதழில் ஓர் அட்டவணை வெளியிட்டார். அட்டவணைக்கு விளக்கமாக எழுதிய சில பத்திகளிலேயே அவ்விதி அடங்கியிருந்தது. சிறுகோள் கதிரவனிடமிருந்தும் பூமியிலிருந்தும் விலக விலக, அதன் ஒளி தொலைவின் இருபடிக்கேற்பக் குறையும். போக்சனின் எண்ணைக் கொண்டால் அக்குறைவு, தொலைவின் மடக்கையை ஐந்தால் பெருக்கிக் கூட்டும் எளிய கணக்காகிவிடும். எந்தச் சிறுகோளை எந்த மாதத்தில் எத்தகைய தொலைநோக்கியால் தேடலாம் என்று முன்கூட்டியே சொல்ல அது போதுமானதாயிற்று. ஓர் அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியில் 9.2ஆம் தரம் வரை காணலாம் என்று அவர் மதிப்பிட்டார். விட்டம் இரண்டு அங்குலம் ஆனால் ஒளி நான்கு மடங்காகும், நான்கு மடங்கு என்பது ஒன்றரைத் தரம், ஆகவே 10.7ஆம் தரம் வரை காணலாம்.

பின்னர் ஜான் லீ என்னும் செல்வரின் ஹார்ட்வெல் வானாய்வுக்கூடத்தை ஓராண்டளவு நடத்திய போக்சன், சென்னை அரசின் வானியலாராக நியமிக்கப்பட்டு 1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை வந்து சேர்ந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பெற்ற வானாய்வுக்கூடம் அப்போதே பழமை எய்தியிருந்தது. வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17ஆம் நாள், ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. அதனால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அவர் வாழ்நாளில் கண்ட சிறுகோள்கள் மொத்தம் எட்டு. அவற்றுள் ஐந்து சென்னையில் கண்டவை.

சென்னைக் கூடத்தின் வேலை விண்மீன்களைப் பார்ப்பதோடு முடிவதன்று. நாட்டுக்கு நேரம் சொல்வதும் அதன் கடமை. சென்னை நேரம் தந்தி வழியே பரவியது; இந்தியப் புகைவண்டிகள் அந்நேரத்தையே பின்பற்றின. போக்சன் மறைந்து பதினோர் ஆண்டுகள் கழித்து, 1902இல் எர்ணாகுளத்துக்கு முதல் புகைவண்டி வந்தபோதும் புகைவண்டிகளின் நேரம் அதுவாகவே இருந்தது. கொச்சியில் கதிரவன் உச்சிக்கு வருவது சென்னையில் வருவதற்கு ஏறத்தாழ 16 மணித்துளிகள் பிந்தியே. மட்டாஞ்சேரி யூதர் தெருவின் மணிக்கூண்டு ஒரு நேரம் காட்ட, புகைவண்டி வேறொரு நேரத்தில் புறப்பட்டிருக்கும்.

கூடத்தில் போக்சனுக்கு வலக்கையாக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அவர் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். வலை எனப் பொருள்படும் தென்வானத்து விண்மீன் கூட்டம் ஒன்றில் அது உள்ளது. சில விண்மீன்கள் ஒரே நிலையில் ஒளிர்வதில்லை; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மங்கியும் பொலிந்தும் வருகின்றன. அத்தகைய விண்மீன்களே போக்சனின் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவை. அவற்றை ஆராயத் துல்லியமான அளவுகோல் தேவை. அந்த அளவுகோலை உருவாக்கியவரே அவற்றை இரவுதோறும் அளந்தார் என்பது பொருத்தமே. ரகுநாதாச்சாரி 1872இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியை விளக்கித் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் நூல் வெளியிட்டார்.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பைக் காணப் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். கதிரவன் ஒளியில் மஞ்சள் கோடு ஒன்றை அன்று கண்டவர்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் அது ஹீலியம் என்னும் தனிமத்துக்குரியது என்று தெளிந்தது. 1871இல் மற்றொரு மறைப்பைக் காணக் கோயம்புத்தூர்ப் பகுதியிலுள்ள அவிநாசிக்குச் சென்றார்.

1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பிய வானில் எரிவிண்மீன்கள் மழையெனப் பொழிந்தன. காணாமற்போன ஒரு வால்விண்மீனின் சிதறல்களே அவை என்று கருதிய ஜெர்மானிய அறிஞர் கிளிங்கர்ஃப்யூஸ், எதிர்த்திசையில் தேடுமாறு போக்சனுக்குத் தந்தி அடித்தார். சென்னையிலோ வடகிழக்குப் பருவக் காலம். வானம் மேகம் மூடிக் கிடந்தது. டிசம்பர் 2ஆம் நாள் விடியலில் மேகம் சிறிது விலகியது. அந்த இடைவெளியில் ஒரு வால்விண்மீனைப் போக்சன் கண்டுவிட்டார். மறுநாளும் கண்டார். அதன்பின் மேகம் மீண்டும் மூடிக்கொண்டது. ஒரு பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நிலைகள் வேண்டும். அவருக்கு வாய்த்தவை இரண்டு நாள்களே. எனவே அவர் கண்டது தேடிய வால்விண்மீன்தானா என்பது உறுதிப்படவில்லை. அன்று என்பதே இன்று பலரின் கருத்து.

இத்தகைய குறை அவருடைய பெருவேலையிலும் நேர்ந்தது. 1862 முதல் 1887 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிலைகளை அவரும் உதவியாளர்களும் அளந்தனர். அளப்பது ஒரு வேலை. அளந்ததைக் கணக்கிட்டுச் சீராக்கி அச்சேற்றுவது அதனினும் பெரிய வேலை. ஆள் போதவில்லை. குறிப்பேடுகள் குவிந்தன. முடிவுகள் வெளிவரவில்லை என்ற குறை இங்கிலாந்திலிருந்து எழுந்தது. அதில் நியாயம் உண்டு. வெளியிடாத அளவீடு பிறருக்குப் பயன்படாது. ஆனால் பருவமழையும் புழுக்கமும் நிறைந்த ஊரில், பழைய கட்டடத்தில், சில உதவியாளர்களுடன் ஒருவர் எவ்வளவு செய்ய இயலும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1869இல் அவருடைய மனைவியும் இறந்துவிட்டார். பெரிய குடும்பம்.

1873இல் மகள் ஐசிஸ் கூடத்தின் கணக்கர் பணியில் அமர்ந்தார். தந்தை அளந்த எண்களை மடக்கை அட்டவணையின் துணையால் முடிவுகளாக மாற்றும் பணி அது. பெண்ணுக்கு அன்று எளிதில் கிட்டாத அலுவல் அது. அவர் அதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தார். 1886இல் மகளை அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக்கப் போக்சன் முன்மொழிந்தார். பெண்களைச் சேர்க்க விதியில்லை என்று கூறப்பட்டதால் அம்முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 1920இல்தான் ஐசிஸ் உறுப்பினரானார். தந்தை அப்போது இல்லை.

இதற்கிடையே அவருடைய அளவுகோல் உலகை வென்றது. அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தின் பிக்கரிங் 1884இலும், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டின் பிரிட்சர்டு 1885இலும் வெளியிட்ட பெரிய விண்மீன் பட்டியல்கள் 2.512 என்னும் எண்ணையே அடிப்படையாகக் கொண்டன. அன்று தொடங்கி அது மாறவில்லை. கதிரவனின் தரம் இன்று −26.7, முழுநிலவின் தரம் −12.7. இடையே 14 தரங்கள். ஒளியில் அது ஏறத்தாழ நான்கு இலட்சம் மடங்கு. விண்வெளித் தொலைநோக்கிகள் 30ஆம் தரத்தையும் எட்டுகின்றன. கதிரவனுக்கும் அந்த மங்கிய புள்ளிக்கும் உள்ள மடங்கை எழுத 23 இலக்கங்கள் வேண்டும். தரமாகச் சொன்னாலோ 57க்குள் அடங்கிவிடுகிறது.

பெரிய தொலைநோக்கி ஒன்றை மலைநகரில் நிறுவவேண்டும் என்று 1882இல் போக்சன் வலியுறுத்தினார். அதன்பின் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடப்பட்டது. கொடைக்கானலில் வானாய்வுக்கூடம் எழுந்ததைக் காண அவர் இருக்கவில்லை. 1891 ஜூன் 23ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அவருக்குப்பின் பொறுப்பேற்ற மிக்கி ஸ்மித் குவிந்து கிடந்த அளவீடுகளை அச்சேற்றும் பணியைத் தொடர்ந்து, 1899இல் முடித்தார். ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள், அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1908இல் அரச வானியல் கழகத்தின் வெளியீடாக வந்தன. ஒவ்வொரு விண்மீனுக்கும் நேரே நாளும் தரமும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்த அவ்வரிசைகளைக் கொண்டு, அவர் காணாத ஆண்டுகளின் ஒளி மாற்றத்தை மற்றவர்கள் கணக்கிட்டனர்.

பயிற்சி

1. வசிட்டரின் ஒளி அருந்ததியின் ஒளியைப்போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு? பாடத்தில் உள்ள வரிசையைக் கொண்டு கூறுக.

2. சிரியஸின் தரம் −1.46, அகத்தியரின் தரம் −0.74. தர வேறுபாட்டை 0.4ஆல் பெருக்கி, கிடைக்கும் எண்ணை 10இன் அடுக்காகக் கொண்டு, மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் எழுந்த வினாவுக்கு விடை காண்க.

3. தாம் அளந்த 2.4ஐ விட்டு 2.512ஐப் போக்சன் தேர்ந்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.